பந்தடித்த வயலும் எழுதாத ஏடும்

நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுவர். கோயிலின் வரலாற்றை எழுத விரும்புவோர்க்குத் தலபுராணமும் திருவிழாக் கணக்கும் துணை நிற்கும். பாடசாலையின் வரலாற்றுக்கு அதிபரின் அலுமாரியிலுள்ள சம்பவத்திரட்டுப் புத்தகம் உண்டு. ஆனால், வயலும் காடும் சூழ்ந்த ஒரு சிற்றூரின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு வரலாறு எழுத வேண்டுமாயின் எந்த ஏட்டைப் புரட்டுவது? இக்கேள்வி சிலருக்கு நகைப்பைத் தரலாம். பந்தை உதைத்துவிட்டு வீடு திரும்பும் இளைஞருக்கு வரலாறும் ஒன்று உண்டோ என வினவியவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் உட்புறக் கிராமங்களில் ஆசிரியனாக நான் உலவிய ஆண்டுகளில், பொழுது சாயும் வேளைதோறும் கண்ட காட்சி ஒன்று உண்டு. அறுவடை முடிந்த வெளியில் நான்கு கம்புகள் நட்டிருக்கும்; இரு பக்கமும் இளைஞர் கூட்டம்; நடுவே ஒரு பந்து. கரடியனாற்றுப் பக்கத்திலும் அதைக் கண்டேன். அக்காட்சிக்குப் பின்னால் இருக்கும் கதை, ஒரு குடியிருப்பின் கதை. ஒரு தலைமுறையின் கதை. அது ஏட்டில் ஏறவில்லை என்பதே என் கவலை.

ஊரும் ஆண்டுச் சக்கரமும்

மட்டக்களப்பு வாவியை நடுவாக வைத்து, கதிரவன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். எழுவான்கரையில் கடலும் தென்னையும் நகரமும் உள்ளன. வாவிக்கு மேற்கே நெல்லும் குளமும் காடும் உள்ளன. செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளைக்குப் போகும் பெருவீதியில் மேற்கு நோக்கிச் சென்றால், ஏறாவூர்ப்பற்றின் உட்புறத்தில் கரடியனாறு எதிர்ப்படும். பெயரிலேயே கரடியும் உண்டு, ஆறும் உண்டு. சுற்றிலும் வயல்வெளி, அதற்கப்பால் காடு, காட்டுக்கு நடுவே குசலான மலை போன்ற பாறைக் குன்றுகள். அரசாங்கத்தின் விவசாயப் பண்ணையும் பயிற்சி நிலையமும் இவ்வூரின் பெயரை மாவட்டமெங்கும் அறியச் செய்தன.

இத்தகைய ஊரில் விளையாட்டுக்கு நாள் குறிப்பது பஞ்சாங்கம் அன்று, வேளாண்மையே குறிக்கும். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் மாரி வேளாண்மை தொடங்கும். வயல் நீராலும் பயிராலும் நிறைந்திருக்க, பந்தடிக்க நிலமும் இராது. உழைத்துக் களைத்த இளைஞர்க்குக் கால்களில் வலுவும் இராது. தையும் மாசியும் பங்குனியும் அறுவடைக் காலம். கதிர் அரிந்து, சூடடித்து, நெல்லை வீடு சேர்த்தபின் அதே வயல் வெறுந்தரையாகக் கிடக்கும். வரம்புகளைச் சற்றே சரித்து, அரிதாளைச் சீவி, ஓரத்தில் கம்பு நட்டால் மைதானம் தயாராகிவிடும். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா அதன் உச்சம். வழுக்கு மரம் ஏறுவோரும் முட்டி உடைப்போரும் கயிறிழுப்போரும் கூடும் அதே வெளியில், மாலையில் உதைபந்தாட்டம் நடைபெறும். நீர்ப்பாய்ச்சல் உள்ள வயல்களில் சிறுபோகத்துக்கு உழவு தொடங்கியதும் பந்து மீண்டும் வளையில் தொங்கும்.

ஆகவே கிராமக் கழகத்தின் முதற் சிக்கல் நிலச் சிக்கலாகும். பந்தாட்ட விதிநூல் ஆடுகளத்தின் நீளம் 90 மீற்றருக்கும் 120 மீற்றருக்கும் இடையிலும், அகலம் 45 மீற்றருக்கும் 90 மீற்றருக்கும் இடையிலும் இருக்க வேண்டும் என்கிறது. அத்தனை நிலம் இரண்டு மூன்று குடும்பங்களுக்குச் சோறு போடும் நிலம். அதை ஆண்டு முழுவதும் விளையாட்டுக்கென ஒதுக்கி வைக்கக்கூடியவர் கிராமத்தில் யார்? பாடசாலை வளவு ஒன்று, கோயில் வெளி ஒன்று, குளக்கட்டின் கீழ் மேட்டுநிலம் ஒன்று. இவற்றில் எதுவும் வாய்க்காத இடத்தில் எழுவர் ஆடும் சிறு களத்தோடு மனம் ஆறுவர்.

இரு பக்கம் பிரிந்து ஆடிய மண்

பந்து மேல்நாட்டிலிருந்து வந்தது. ஆனால் ஊர் இரண்டாகப் பிரிந்து மோதும் ஆட்டம் மட்டக்களப்பு மண்ணுக்குப் புதிதன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டை நம் மாணவர் பலர் பாடப்புத்தகத்தில் மட்டுமே அறிவர். ஊர் வடசேரி என்றும் தென்சேரி என்றும் இரண்டாகப் பிரியும். வடசேரியார் கோவலன் பக்கம். தென்சேரியார் கண்ணகி பக்கம். வளைந்த இரு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, இரு சேரியாரும் எதிரெதிரே நின்று இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். மழை பொய்த்தாலும் கொள்ளை நோய் பரவினாலும் அம்மன் மனம் குளிர இதை நடத்தினர். தேங்காயைத் தேங்காயால் மோதி உடைக்கும் போர்த்தேங்காயும் இவ்வாறே பக்கம் பிரிந்து ஆடப்பட்டது. 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையா அவர்களின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலால், இவ்வகைக் கிராம வழக்குகள் எழுத்தில் நிலைத்தன.

இதை நான் இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கொம்புமுறியில் ஒருவன் எந்தச் சேரி என்பது அவன் பிறக்கும்போதே முடிவாகிவிடும். கோயிலில் எந்தக் குடிக்கு எந்த மரியாதை என்பதும் அவ்வாறே. மட்டக்களப்பின் குடி முறை தாய்வழியாக வருவது. அதை மாற்ற ஒருவராலும் இயலாது. பந்தாட்டக் கழகமோ அத்தகைய பிறப்புரிமை எதையும் கேளாத அமைப்பு. போடியாரின் மகனும் அவர் வயலில் கூலிக்கு அரிவு வெட்டுபவரின் மகனும் ஒரே அணியில் நிற்பர். பந்து யாருடைய காலில் நன்றாகப் பணிகிறதோ அவனே முன்னணியில் ஆடுவான். காலையில் “போடியார் மகன்” என்று விலகி நின்றவன் மாலையில் “இஞ்சால அடிடா!” என்று அதட்டுவதை நான் கேட்டிருக்கிறேன். அதட்டப்பட்டவனும் முகம் சுளியாமல் பந்தை அனுப்பினான். கிராமத்தில் இந்தச் சமநிலை எளிதில் கிட்டுவதன்று. கழக வரலாற்றை எழுதுதல் அச்சமநிலை எப்போது, எப்படி ஊருக்குள் நுழைந்தது என்பதை எழுதுவதுமாகும்.

பந்து வந்த வழி

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் நதானியேல் கிரெஸ்விக், வில்லியம் பிரெஸ்ட் என்னும் இரு நண்பர்கள் 1857ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24ஆம் நாள் ஒரு கழகத்தைத் தொடங்கினர். இன்றும் இயங்கும் உதைபந்தாட்டக் கழகங்களுள் அதுவே மூத்தது என உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1863இல் இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் அமைந்து, ஆட்டத்துக்குப் பொது விதிகள் வகுக்கப்பட்டன. பிரித்தானியப் படைவீரரும் கப்பலோட்டிகளும் பாதிரிமாரும் அதைத் தாம் சென்ற நாடெங்கும் எடுத்துச் சென்றனர்.

நம் பக்கத்தில் அது எவ்வாறு வேர்விட்டது என்பதற்கு வங்காளம் சிறந்த சான்று. 1889இல் கல்கத்தாவில் தோன்றிய மோகன் பாகான் கழகம் 1911ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள் கிழக்கு யோர்க்சயர்ப் படைப்பிரிவின் அணியை 2க்கு 1 என்ற கணக்கில் வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. வென்ற பதினொருவருள் ஒருவரைத் தவிர மற்றையோர் வெறுங்காலுடன் ஆடினர். சப்பாத்து அணிந்த ஆட்சியாளரை வெறுங்காலால் வெல்ல முடியும் என்ற செய்தி அன்று நாடெங்கும் பரவியது. 1948இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டியிலும் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலுடனே பிரான்சை எதிர்த்து ஆடி 2க்கு 1 என்ற கணக்கில் தோற்றனர்; கிடைத்த இரு தண்ட உதைகளையும் தவறவிட்டதே தோல்விக்கு வழியாயிற்று.

இலங்கையில் கொழும்புக் காலிமுகத்திடலில் பிரித்தானியப் படையினர் ஆடியதைப் பார்த்து நம்மவர் கற்றனர். 1939இல் நாட்டுக்கென ஒரு சங்கம் அமைந்தது. 1952இல் அது உலகச் சம்மேளனமாகிய பீஃபாவில் சேர்ந்தது. மட்டக்களப்புக்குப் பந்தைக் கொணர்ந்ததில் பாடசாலைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியில் முதலில் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவிகளும், பின்னர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து வந்த துறவிகளும் பணியாற்றினர். அமெரிக்கத் துறவிகளுள் ஹரல்ட் வெபர் அடிகளார் விளையாட்டுக்கெனவே வாழ்ந்தவர் எனலாம். மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஓர் ஊர் தன் மைதானத்துக்கு ஓர் ஆசிரியரின் பெயரை இட்டிருப்பது ஆசிரியர்களாகிய நாம் எண்ணி மகிழத்தக்கது.

நகரத்துக் கல்லூரியில் கற்ற மாணவர் ஆசிரியராகி உட்கிராமங்களுக்கு வந்தபோது பந்தும் அவர்களோடு வந்தது. காலையில் கரும்பலகையில் எழுதிய அதே கை மாலையில் ஊதியைப் பிடித்தது. விதிகளைக் கற்றுக்கொடுத்தவர், அணியைப் பிரித்தவர், சண்டை மூண்டால் நடுவே புகுந்தவர் எல்லாம் அந்த ஆசிரியரே. பாடசாலையை விட்டு நீங்கிய பின்னும் அவ்விளைஞர் ஒன்றாக ஆட விரும்பியபோது கழகம் பிறந்தது.

கழகம் நடக்கும் வகை

கிராமக் கழகத்தின் சொத்து எவை என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம்: ஒரு பந்து, ஒரு பம்பு, ஓர் ஊதி, ஒரு குறிப்பேடு. வலை உள்ள கழகம் செல்வமுடையது. கோல் கம்பங்கள் காட்டிலிருந்து வந்தவை. 7.32 மீற்றர் அகலமும் 2.44 மீற்றர் உயரமும் என்று விதி சொல்வதை எட்டு நீளடியாக வைத்துக் கொண்டு, குறுக்குக் கம்பம் இல்லாவிட்டால் கயிற்றைக் கட்டுவர். பந்து கயிற்றுக்கு மேலே சென்றதா கீழே சென்றதா என்ற வழக்கு அன்றிரவு தேநீர்க் கடை வரையில் நீளும்.

பழைய தோற்பந்தை இக்கால மாணவர் அறியார். தோலுக்குள் றப்பர்க் காற்றுப்பை. அதன் வாயைக் கட்டி, மேலே தோல் நாடாவால் இழுத்துப் பின்னியிருப்பர். அந்த நாடா நெற்றியில் பட்டால் தோல் கிழியும். மழையில் நனைந்தால் பந்து நீரைக் குடித்து மண்ணாங்கட்டி போலக் கனக்கும். விதிப்படி ஆட்டத் தொடக்கத்தில் பந்தின் நிறை 410 முதல் 450 கிராம் வரை. நனைந்த தோற்பந்து அக்கணக்கைப் பொருட்படுத்துவதில்லை. முள் குத்தினால் காற்றுப்பையை வெளியே எடுத்து, சைக்கிள் திருத்துபவரிடம் கொடுத்து ஒட்டு வைப்பர். ஒட்டுக்கு மேல் ஒட்டாக ஒரே பந்தில் பல மாதங்கள் ஆடிய கழகங்கள் உண்டு.

அந்தப் பந்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அறுவடைக் காலத்தில் கழக இளைஞர் ஒருவரது வயலைக் கூட்டாக ஒப்புக்கொண்டு அரிந்து கொடுத்து, அந்தக் கூலியைக் கழகத்துக்குச் சேர்ப்பது ஒரு வழி. வீடு வீடாக நெல் சேர்ப்பது மற்றொரு வழி. கடைக்காரர் ஒருவர் சட்டைகளை வாங்கிக் கொடுத்தால் அவருக்குப் போட்டி நாளில் முன்வரிசைக் கதிரை. இவ்வாறு நெல்லாகவும் உழைப்பாகவும் வந்த முதலையே செயலாளர் குறிப்பேட்டில் எழுதினார். பின்னர் நாட்டில் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் வந்தது. பதிவு, யாப்பு, தலைவர், செயலாளர், பொருளாளர் என்னும் முறைகள் கிராமங்களிலும் பரவின. எழுத்தறிவுக்கு அது நல்ல பயிற்சியாயிற்று. கூட்ட அறிக்கை எழுதவும், கணக்கை வாசித்து ஒப்புதல் பெறவும், எதிர்த்துப் பேசியவனையும் ‘கௌரவ உறுப்பினர்’ என்று குறிக்கவும் அங்கேதான் பலர் கற்றனர்.

சப்பாத்து நெடுங்காலம் எட்டாத பொருள். பாதணி வேண்டும் என்று விதி சொல்கிறது. கால் வேறு சொல்கிறது. அரிதாளும் நெருஞ்சியும் மிதித்துப் பழகிய பாதத்துக்குச் சப்பாத்து ஒரு தளை. நகரத்துக்குப் போட்டிக்குச் சென்று முதன்முதல் இரவற் சப்பாத்து அணிந்தவர் முதற் பாதி ஆட்டத்தில் தம் காலையே தேடுவார். நகரத்துக்குப் போவதுதானும் எளிதன்று. உழவு இயந்திரத்தின் பெட்டியில் அணி முழுவதும் ஏறிச் செல்லும். திரும்பும்போது இருட்டிவிடக் கூடாது. யானைகள் வீதியைக் கடக்கும் பகுதி அது. கடைசி நிமிடத்தில் கோல் போட்டு மேலதிக நேரத்துக்கு ஆட்டத்தை இழுத்தவனை வென்றாலும் திட்டுவர், “ஆனைக்கு நீயா பதில் சொல்லுவாய்?” என்று கேட்பர்.

இடையறுந்த ஆண்டுகள்

இவ்வளவும் தொடர்ந்து நடந்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுதும் தேவை எழுந்திராது. குறிப்பேடுகள் நிலைத்திருக்கும்; பழைய நிழற்படங்கள் சுவரில் தொங்கும். ஆனால் மட்டக்களப்பின் உட்புறக் கிராமங்கள் எவற்றைக் கடந்து வந்தன என்பதை வாசகர் அறிவர்.

1957 டிசம்பரில் பெருவெள்ளம். 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு பெருஞ்சூறாவளி, மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் சாய்ந்தது, கூரைகள் பறந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கூரையில்லாத வீட்டில் கழகக் குறிப்பேடு மட்டும் நனையாது இருக்குமா? 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது ஊர்கள் வெறிச்சோடின. அதன்பின் வாவிக்கு மேற்கே ஓர் ஆட்சி, கிழக்கே ஓர் ஆட்சி என்றாயிற்று. ஓர் அணி மறுகரைக்குப் போட்டிக்குப் போக வேண்டுமாயின் இடையில் சோதனைச் சாவடிகள் இருந்தன. 2002 பெப்ரவரியில் போர் நிறுத்த உடன்படிக்கை வந்தது, பாதைகள் திறந்தன. அந்த ஓய்வும் நெடிதாக நிலைக்கவில்லை. 2007 மார்ச்சு மாதத்தில் மேற்குக் கரையிலிருந்து பல்லாயிரம் பேர் ஒரே காலத்தில் இடம்பெயர்ந்து கூடாரங்களில் அடைந்தனர். அவ்வாண்டு யூலை 11ஆம் நாள் தொப்பிகலை இராணுவத்தின் வசமானது. மக்கள் கட்டங் கட்டமாக ஊர் திரும்பியபோது, மிதிவெடி அகற்றப்பட்ட நிலம் எது, அகற்றப்படாத நிலம் எது என்று கேட்டறிந்தே காலடி வைக்க வேண்டியிருந்தது. பந்து வெளியே உருண்டால் ஓடிப்போய் எடுக்கும் சிறுவனை ஓடாதே என்று தடுத்த காலம் அது.

போர் முடிந்த பின்னும் கரடியனாற்றுக்கு ஓர் இடி காத்திருந்தது. 2010 செப்டம்பர் 17ஆம் நாள் முற்பகல், வீதி அமைப்பு வேலைக்கென இவ்வூர்ப் பொலிஸ் நிலைய வளவில் வைக்கப்பட்டிருந்த வெடிமருந்து வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு தை மாதத்தில் பெருவெள்ளம் வயல்களை மூடியது. 2020இல் கொள்ளை நோய்க்கால ஊரடங்கு. 2022இல் எரிபொருள் பஞ்சம். 2023 சனவரி முதல் ஆகஸ்டு வரை பீஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியதும் நிகழ்ந்தது. அத்தடைக்கும் வயல்வெளிப் பந்துக்கும் தொடர்பில்லை என்பது வேறு.

இந்நிகழ்வுகளில் ஒவ்வொன்றும் கழகங்களிலிருந்து எதையேனும் எடுத்துச் சென்றது. ஓர் ஆண்டு பந்தை. ஓர் ஆண்டு மைதானத்தை. ஓர் ஆண்டு ஏட்டை. சில ஆண்டுகள் ஆட்டக்காரரையே எடுத்துச் சென்றன. அணியின் இடப்புற வரிசையில் நின்றவர் யார் என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்ளும் முதியவர்களை நான் அறிவேன். அவ்விடத்தில் மேலும் கேட்க எனக்கு நா எழுவதில்லை.

வாய்மொழியைக் காலக்கணக்கில் ஏற்றுதல்

ஏடு போயிற்று, நினைவு இருக்கிறது. நினைவை வரலாறாக்கும் வழியை ஒரு பெரியவரே எனக்குக் காட்டினார். நீங்கள் முதன்முதல் பந்தடித்தது எந்த ஆண்டு என்று அவரிடம் வினவினேன். “வருசம் எனக்கெங்க சேர் தெரியும்? சூறாவளிக்கு முந்தின வெள்ளாமை. சூடடிச்சு முடிஞ்ச கையோட” என்றார். மாரி வெள்ளாமையா, கோடை வெள்ளாமையா என்று கேட்டேன். மாரி வெள்ளாமை என்றார். சூறாவளி 1978 நவம்பரில் வந்தது. அதற்கு முந்திய மாரி வேளாண்மையின் அறுவடை 1978 மாசி, பங்குனி. ஆண்டு தெரியாது என்ற பெரியவர் ஆண்டையும் பருவத்தையும் எனக்குத் துல்லியமாகச் சொல்லிவிட்டார்.

நம் ஊர் மக்கள் காலத்தை எண்ணால் அளப்பதில்லை. வெள்ளம், சூறாவளி, இடம்பெயர்வு என்னும் அடையாளக் கற்களால் அளக்கின்றனர். அக்கற்களின் ஆண்டுகள் நமக்குத் தெரிந்தவை. மேலே நான் அடுக்கிய நிகழ்வுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு முதியவர் முன் அமர்ந்தால் போதும். “வெள்ளத்துக்கு முன்னா, பின்னா?” “அப்போது உங்களுக்கு மூத்த பிள்ளை பிறந்திருந்ததா?” “அந்த ஆண்டு குளம் வான் பாய்ந்ததா?” என்று கேட்கக் கேட்க, கலைந்து கிடந்த நினைவு தானாக வரிசைப்படும். ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொன்னதோடு ஒப்பிட வேண்டும். எதிரணியாரின் ஊருக்கும் போய்க் கேட்க வேண்டும். தோற்றவர் வென்றவரைவிட ஆட்டத்தை நன்றாக நினைவு வைத்திருப்பர் என்பது என் அனுபவம்.

கேட்க வேண்டியவை கோல் கணக்கு மாத்திரம் அல்ல. பந்துக்குப் பணம் கொடுத்தவர் யார்? நிலத்தை விட்டுக் கொடுத்தவர் யார்? எந்த ஆண்டு எந்த நிலத்தில் ஆடினர்? போட்டி நாளில் சோறு சமைத்த பெண்கள் யாவர்? ஆட்டக்காரரின் பெயர் ஏட்டில் இருந்த காலத்திலும் அப்பெண்களின் பெயர் ஏட்டில் இருந்ததில்லை. இப்போது அவர்தம் பெண்மக்களும் பேர்த்தியரும் பாடசாலை அணிகளில் பந்தடிக்கின்றனர். அவர்களுக்கும் இவ்வரலாற்றில் இடம் வேண்டும்.

ஓர் ஏட்டின் விலை

நான் முன்னர்க் குறித்த ஷெஃபீல்ட் கழகத்துக்குத் திரும்புகிறேன். அது பெருங்கழகமாக வளரவில்லை. இன்றும் சிறு பிரிவுகளில் ஆடும் சாதாரணக் கழகமே. தனக்கென ஒரு மைதானம் அதற்கு வாய்த்ததும் தோன்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின்னரே. 2001இல்தான் அது திரொன்ஃபீல்ட் என்னும் சிற்றூரில் நிலைகொண்டது. நிலமில்லாமல் அலைந்த கழகம் என்பதில் அது நம் கிராமக் கழகங்களுக்கு உறவு முறையாகும்.

ஆனால் அவர்களிடம் ஒன்று இருந்தது. தொடக்கக் கால உறுப்பினர் 1858இல் கையால் எழுதிய விதிகளையும் கூட்டக் குறிப்புகளையும் பேணி வைத்திருந்தனர். 2011 யூலை மாதத்தில் பணத் தேவையால் அவற்றை இலண்டனில் ஏலத்தில் விட்டபோது 8,81,250 பவுண் கிடைத்தது. பந்தாடிய இளைஞர் தம் வசதிக்காகக் கிறுக்கி வைத்த தாள்கள் அவை. எழுதியவர்க்கு அவற்றின் மதிப்புத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. எழுதினர், எறியாமல் வைத்தனர், அவ்வளவே அவர்கள் செய்தது.

நம் கிராமத்து ஏட்டுக்கு எவரும் பவுண் கொடுக்கப் போவதில்லை. அதன் மதிப்பு வேறு வகையானது. ஒரு போரின் வரலாற்றை எழுதும்போது எத்தனை பேர் இறந்தனர், எத்தனை பேர் இடம்பெயர்ந்தனர் என்ற எண்களே ஏட்டில் ஏறுகின்றன. அம்மக்கள் மாலையில் என்ன செய்து மகிழ்ந்தனர், யாரோடு போட்டியிட்டனர், எதற்காகச் சிரித்தனர் என்பதை எவரும் எழுதுவதில்லை. அதை எழுதாவிட்டால், நாளை இவ்வூர்ப் பெயரைத் தேடுபவன் வெடியோசையையும் அகதிக் கூடாரத்தையும் மட்டுமே காண்பான். கரடியனாறு என்றால் துன்பம் நடந்த இடம் என்று மாத்திரம் உலகம் அறிந்திருப்பது இவ்வூருக்கு நாம் இழைக்கும் இரண்டாவது அநீதி.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. மாணவர்க்கு வரலாற்றுச் செயற்றிட்டம் கொடுக்கும்போது, மன்னர் பட்டியலோடு உங்கள் ஊர்க் கழகத்தையும் கொடுங்கள். ஐந்து மாணவர், ஒரு குறிப்பேடு, ஒரு பருவம் போதும். பழைய நிழற்படம் ஒன்று கிடைத்தால் நிற்பவர், இருப்பவர் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுவியுங்கள். பெயர் தெரிந்த கடைசி மனிதர் உயிரோடு இருக்கும்போதே எழுதுவியுங்கள். ஒரு படியைப் பாடசாலை நூலகத்திலும், ஒரு படியைப் பிரதேச செயலகத்திலும், ஒரு படியை வேறோர் ஊரிலும் வையுங்கள். வெள்ளம் ஒரே நேரத்தில் மூன்று இடத்துக்கும் வராது.

மாணவ அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சிறிது. இந்த மாசியில் அறுவடை முடிந்ததும் நீங்கள் வயலில் கம்பு நடுவீர்கள். ஆட்டம் முடிந்த பின் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நாள், இடம், எதிரணி, பதினொருவர் பெயர், கோல் போட்டவர், பந்து வாங்கிய பணம் என்று ஆறு வரி எழுதுங்கள். தோற்ற நாளிலும் எழுதுங்கள். எழுத ஒரு கொப்பி போதும்.